எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை: ஒரே வகுப்பில் ஆறு பிள்ளைகள்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 34 பேர். அதில் ஆறு பேர் பாடத்தோடு வருவதில்லை. மூவருக்கு எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்க வரும், சொல்லாகச் சேர்த்துப் படிக்க வராது. நான்காமவன் வாயால் கேட்டால் எதற்கும் பதில் சொல்வான், புத்தகத்தைத் திறந்தால் திணறுவான். ஐந்தாவது பிள்ளை ஒரு சிறுமி. அமைதியானவள். சில நாள் நன்றாகக் கவனிப்பாள், சில நாள் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறாவது பையன் அதிகம் பேசமாட்டான். பாடவேளை மாறும்போதெல்லாம் தாளைக் கிழிப்பான், எழுந்து ஓடுவான். சிறப்பாசிரியர் எப்போதாவதுதான் வருகிறார். "அந்த ஆறு பேரையும் கடைசி வரிசையில் உட்காரவைத்து எழுத்துப் பயிற்சி கொடுங்கள், மற்றவர்களைப் பாருங்கள்" என்கிறார் தலைமையாசிரியர். ஒருவரின் பெற்றோரிடம் சிறப்புப் பள்ளிக்குப் போகச் சொல்லியாகிவிட்டது. தினமும் அரை மணி நேரம் என்னால் ஒதுக்க முடியும். எங்கே தொடங்குவது? கணக்கிலும் தடுமாற்றம்தான், 105-ஐ 1005 என்று எழுதுகிறார்கள். தேர்வுக்கு என்ன செய்வது?

பதில்: கடைசி வரிசை எழுத்துப் பயிற்சியை முதலில் நிறுத்துங்கள். பார்த்து எழுதும்போது கைதான் வேலை செய்கிறது. எழுத்தைப் பார்த்ததும் ஒலி மனதில் எழுவதுதான் வாசிப்பு, அந்த இணைப்பு பார்த்தெழுதுவதால் உண்டாவதில்லை. பக்கம் பக்கமாக அழகாக எழுதிவிட்டு, எழுதிய சொல்லையே படிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் ஏராளம். தவிர, நீங்கள் விவரித்திருப்பது ஆறு பேருக்கும் பொதுவான ஒரு குறை அல்ல. குறைந்தது நான்கு வெவ்வேறு சிக்கல்கள். "மெல்லக் கற்பவர்கள்" என்று ஒரே பெயரை ஒட்டிவிட்டால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்தச் சிறுமியிடமிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அவளுக்கு முதலில் வேண்டியது பாடம் அல்ல, மருத்துவப் பரிசோதனை. ஒரு நாள் கேட்கிறது, ஒரு நாள் கேட்கவில்லை என்றால் நடுச்செவியில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சளி பிடிக்கும்போது கூடி, பிறகு குறையும் இந்தக் கேள்திறன் இழப்பு சிறு பிள்ளைகளிடம் சாதாரணம். ஏறி இறங்குவதாலேயே "வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறாள்" என்ற பழி வரும். வகுப்பில் ஒரு முதல்கட்டச் சோதனை செய்யலாம். அவளுக்குப் பின்னால் கை நீட்டும் தூரத்தில், சுமார் 60 சென்டிமீட்டரில், நில்லுங்கள். ஒரு காதை அவளே விரலால் மூடித் தேய்த்துக்கொள்ளட்டும். மறு காதுக்கு "ஏழு, பூ, நாலு" என்று கிசுகிசுத்துத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு காதுக்கும் தனித்தனியாக, ஓசையில்லாத அறையில் செய்ய வேண்டும். இதில் தேறினாலும் சந்தேகம் தீரவில்லையென்றால் காது மருத்துவரிடம் முறையான கேள்திறன் சோதனைதான் முடிவு சொல்லும். அதுவரை உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று பேசுங்கள், கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். ஒரு காது நன்றாகக் கேட்கிறதென்றால் அந்தக் காது உங்கள் பக்கம் இருக்கும்படி இடம் கொடுங்கள்.

காதில் குறையில்லை என்றால் இன்னொன்று இருக்கிறது. பேச்சின் நடுவில் சட்டென்று பார்வை வெறித்து, 5 முதல் 15 விநாடி அசைவற்றிருந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்வது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். கை கால் வெட்டாது, கீழே விழமாட்டாள் என்பதால் பெரும்பாலும் பகற்கனவு என்றே நினைத்துவிடுவோம். தோளைத் தொட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். பகற்கனவில் இருக்கும் பிள்ளை உடனே திரும்பிவிடும், வலிப்பில் இருக்கும் பிள்ளை திரும்பாது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நாளுக்கு எத்தனை முறை என்று ஒரு வாரம் குறித்து, அந்தத் தாளையும் வீட்டில் கைபேசியில் எடுத்த காணொளியையும் மருத்துவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆறு பேருக்கும் பார்வைச் சோதனையும் ஆகட்டும்.

அடுத்தது, படிக்கத் திணறும் நால்வரும் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. ஒருவருக்கு 15 நிமிடம், தனியாக. கூட்டமாகப் படிக்கச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் குரலோடு ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. புத்தகம் இல்லாமல் ஒலியில் தொடங்குங்கள். "படம்" என்பதில் "ப" போனால் மீதி என்ன? "கல், பல், மண்" இவற்றில் ஒலி சேராதது எது? அடுத்து 18 உயிர்மெய் அகர எழுத்துகளை வரிசை குலைத்துக் காட்டுங்கள். வரிசையில் ஒப்பித்தவன் இங்கே விழுந்தால், அவனுக்குத் தெரிந்தது எழுத்து அல்ல, பாட்டு. பிறகு தெரிந்த ஒரு மெய்யோடு எல்லாக் குறிகளும்: பா, பி, பீ, பு, பூ, பெ, பே, பை, பொ, போ. அடுத்து "தோமு", "பிகா", "மேடுபி" மாதிரி பொருளற்ற சொற்கள் பத்து. இவற்றை மனப்பாடமாகப் படிக்க முடியாது, ஊகிக்கவும் முடியாது. கடைசியாக முன்பு பார்த்திராத 50 சொல் பத்தி ஒன்று. நூற்றுக்கு 95 சொல்லோ அதற்கு மேலோ சரியாகப் படித்தால் அந்த நிலைப் புத்தகத்தைத் தனியே படிக்கலாம். 90 முதல் 94 வரை என்றால் உங்கள் உதவியோடு படிக்கலாம். 90-க்குக் கீழே போனால் அந்தப் புத்தகம் அவனுக்கு இப்போது எட்டாது. மூன்றாம் வகுப்புப் பாடநூலையே கையில் கொடுத்து "மெதுவாகப் படி" என்பதால் பலன் வராததற்குக் காரணம் இதுதான்.

தவறை "தவறு" என்று மட்டும் குறிக்காமல், பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "பாடம்" என்பதைப் "படம்" என்றானா? குறில் நெடில். "பட்டு" என்பதைப் "படு" என்றானா? ஒற்று கண்ணில் படவில்லை. "கொடி" என்பதைக் "கெடி" என்றானா? ஒகரக் குறி இரண்டு துண்டாகப் பிரிந்து தெரிகிறது. "மரம்" என்று இருப்பதை "மயில்" என்றால் முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து அடித்துவிடுகிறான். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "வந்துவிட்டான்" என்று அச்சிட்டிருப்பதை ஒரு பிள்ளை "வந்துட்டான்" என்று படித்தால் அதைத் தவறாக எண்ண வேண்டாம். எழுத்து நடையைப் புரிந்துகொண்டு தன் பேச்சுக்கு மாற்றியிருக்கிறான், அது வாசிப்பின் அறிகுறி. விரல் வைத்து ஒருமுறை சொல்லைக் காட்டிவிட்டு நகருங்கள்.

இனிக் கற்பித்தல். முதல் மூவருக்கும் நெடுங்கணக்கு வரிசை வேண்டாம். சில எழுத்துகளிலேயே சொல் பிறக்க வேண்டும். ட, ப, ம மூன்றும் அவற்றின் ஒற்றும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் நாளே வாசிக்கலாம். பிறகு க, ல, ர, வ. குறிகளில் முதலில் துணைக்கால், ஏனென்றால் அது மெய்க்குப் பின்னால், ஒலிக்கும் வரிசையிலேயே நிற்கிறது. அடுத்து இகரமும் ஈகாரமும். உகரத்துக்கு வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அது ஒரே குறி அல்ல, மெய்க்கு மெய் உருவம் மாறும். சு, பு, யு, வு ஒரு கூட்டம், கீழே இறங்கும் கோடு. டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், வளைந்து சுற்றும். து, நு, லு, று, னு இன்னொரு கூட்டம். கூட்டம் கூட்டமாகக் கற்பித்தால் நினைவில் நிற்கும், "கு முதல் னு வரை எழுது" என்றால் நிற்காது. எ, ஏ, ஐ குறிகள் அடுத்த கட்டம். ஒ, ஓ குறிகளை எல்லாவற்றுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியை இந்த ஆண்டு விட்டுவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கொம்பு ஏன் இவ்வளவு படுத்துகிறது? கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது மெய்யை. அதனால் அட்டையில் எழுதும்போதே பிள்ளை பார்த்திருக்க முதலில் மெய்யை ஒரு நிறத்தில் எழுதுங்கள், பிறகு அதன் இடப்பக்கம் கொம்பை வேறு நிறத்தில் போடுங்கள். விரலும் அதே வரிசையில் போகட்டும். மெய்யைத் தொட்டு, கொம்பைத் தொட்டு, "கே". ஓரிரு வாரத்தில் நிற வேறுபாட்டை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிறம் இருந்தால்தான் படிப்பான்.

இன்னொரு தடங்கல், ஒரே எழுத்துக்குப் பல ஒலி. கல், தங்கம், மகன் மூன்றிலும் ககரம் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. பல், அம்பு இரண்டிலும் பகரமும் அப்படியே. எழுத்தெழுத்தாகக் கூட்டிய பிள்ளை "மக்கன்" மாதிரி ஏதோ சொல்லிவிட்டு விழிக்கும். "இது நீ பேசும் எந்தச் சொல் மாதிரி இருக்கிறது?" என்று கேளுங்கள். கூட்டிப் படிப்பது பாதி வேலை, தெரிந்த சொல்லோடு பொருத்துவது மீதி. ஆகவே பயிற்சிச் சொற்கள் பிள்ளை வாயில் புழங்கும் சொற்களாக இருக்க வேண்டும்.

உங்கள் அரை மணி நேரத்தில் 25 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். 3 நிமிடம் ஒலி விளையாட்டு. 5 நிமிடம் அட்டைகள்: பத்தில் எட்டு ஏற்கெனவே தெரிந்தவை, இரண்டு மட்டும் புதியவை. 7 நிமிடம் அட்டைகளை அடுக்கிச் சொல் கட்டுவது, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் படம், மடம், மரம் என்று நகர்வது. 7 நிமிடம் அந்த எழுத்துகளாலேயே ஆன சிறு பத்தி. 3 நிமிடம் நீங்கள் சொல்ல அவர்கள் மூன்று சொல் எழுதுவது. மணலிலோ மேசையிலோ விரலால் எழுதவைப்பது நல்லதுதான், ஆனால் எழுதும்போதே ஒலியை வாய் சொல்ல வேண்டும். சத்தமில்லாமல் எழுதினால் அது மறுபடியும் கைவேலை. வாரத்தில் நான்கு நாளாவது நடக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதை விட இது மிக மேல். மற்றவர்கள் எழுத்து வேலை செய்யும் நேரத்தில் நடத்துங்கள். விளையாட்டு, ஓவிய வேளைகளைப் பிடுங்காதீர்கள். படிக்கத் திணறும் பிள்ளை தலை நிமிர்ந்து நிற்பது அங்கே மட்டுமாக இருக்கலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் சில. ஒரு நாள் சரியாகச் சொன்னதும் அடுத்த எழுத்துக்குத் தாவுவது முதலாவது. மூன்று வெவ்வேறு நாளில், உடனடியாகச் சரியாகச் சொன்னால்தான் தெரிந்ததாகக் கணக்கு. ஒரு வாரம் கழித்து மறுபடி காட்டிப் பார்க்கவும் வேண்டும். பிள்ளை தடுமாறியதும் ஆசிரியரே சொல்லை முடித்துவிடுவது இன்னொன்று. மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் ஒப்பிட்டுக் கற்பிப்பது மூன்றாவது. ஒன்று நன்றாக ஊன்றிய பிறகே அடுத்தது.

வாரம் ஒருமுறை ஒரு நிமிட வாசிப்பு வையுங்கள். ஒரே தரத்தில் புதிய பத்தி, சரியாகப் படித்த சொற்களை மட்டும் எண்ணிக் கட்டத்தாளில் ஒரு புள்ளி. தொடங்கிய புள்ளிக்கும் பருவ முடிவில் எட்ட வேண்டிய புள்ளிக்கும் நேர்கோடு இழுத்துவிட்டால், தொடர்ந்து நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழும்போது முறையை மாற்ற வேண்டும் என்று பொருள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: குழுவைச் சிறிதாக்குங்கள், அல்லது புதிய அட்டையை இரண்டிலிருந்து ஒன்றாக்குங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

நான்காமவனுக்கு வருகிறேன். வாய்மொழியில் கெட்டிக்காரன், வாசிப்பில் மட்டும் பெரும் இடைவெளி, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி இருந்தது என்றால் டிஸ்லெக்ஸியாவை, அதாவது எழுத்தை ஒலியோடு இணைத்துப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாட்டை, சந்தேகிக்கலாம். எழுத்தைத் திருப்பிப் போடுவது மட்டும் அறிகுறி ஆகாது, ஏழு வயது வரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், ஆனால் சான்றிதழ் வரும் வரை காத்திருக்காதீர்கள். அவனுக்கும் வேண்டியது மேலே சொன்ன அதே முறைதான், திரும்பச் செய்யும் எண்ணிக்கை மட்டும் பல மடங்கு. நிறக் கண்ணாடி, கண் பயிற்சி, நினைவாற்றல் மருந்து என்று யாராவது சொன்னால் பெற்றோர் பணத்தைக் கரைக்க விடாதீர்கள். டிஸ்லெக்ஸியா கண்ணின் கோளாறு அல்ல. வாசிப்புப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள், பதிலை வாயால் சொல்லட்டும். பயிற்சி மட்டும் கொடுத்தால் மற்ற பாட அறிவு தேயும். படித்துக் காட்டுவதோடு நின்றுவிட்டால் வாசிப்பு வராமலே போகும்.

ஆறாவது பையனுக்கு ஆட்டிசமா, வேறெதுவுமா என்று வகுப்பறையில் முடிவு கட்டாதீர்கள். அதற்கு நிபுணர் குழு வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒரு தாளில் கோடு போட்டு மூன்று கட்டம்: கிழிப்பதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது. ஒரு வாரம் எழுதினால் போதும். பாடவேளை மாறும்போது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி விடை. அடுத்து என்ன என்று தெரியாத கலக்கம் அது. நாளின் வேலைகளைப் படங்களாக மேலிருந்து கீழாக ஒட்டி, முடிந்ததை அவனே எடுத்துப் பெட்டியில் போடட்டும். மாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னும், ஒரு நிமிடம் முன்னும் சொல்லுங்கள். "முதலில் கணக்கு, பிறகு பந்து" என்று இரு படம் போதும். கட்டளை ஒரு சமயத்தில் ஒன்று, நாலைந்து சொல்லில். சொல்லிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள், நடுவில் வேறு சொல்லில் மாற்றிச் சொன்னால் அவனுக்கு அது புதுக் கட்டளை. கிழித்ததும் வெளியே அனுப்புகிறீர்களா? அப்படியானால் வெளியே போக வழி கிழிப்பது என்று அவனுக்குக் கற்பிக்கிறீர்கள். அதற்குப் பதில் "ஓய்வு" அட்டையைக் காட்டினால் மூன்று நிமிடம் அமைதி மூலைக்குப் போகலாம் என்று பழக்குங்கள். முதல் நாட்களில் காட்டும் ஒவ்வொரு முறையும் அனுப்பியே ஆக வேண்டும். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்று வீட்டில் பயப்படுவார்கள். பட அட்டைகள் பேச்சைத் தடுப்பதில்லை.

அவனுக்கென்று உதவியாளர் யாராவது வந்தால் பக்கத்திலேயே ஒட்டி உட்காரவைக்காதீர்கள். பிறகு நீங்களும் அவனோடு பேசுவது குறையும், பிள்ளைகளும் விலகிவிடுவார்கள். உதவியாளர் வகுப்பைச் சுற்றி வரட்டும், அந்த நேரத்தில் அவனுக்கு நீங்கள் கற்பியுங்கள்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1005 என்று எழுதும் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: நூறு, அதன்பின் ஐந்து. பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெருங்கட்டு என்று கையில் கொடுத்து, ஒன்று, பத்து, நூறு என்று மூன்று கட்டங்களில் வைத்தபின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். பத்தின் இடம் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பூஜ்யத்துக்குப் பொருள் வரும். தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் தனிச் சிக்கல். பெயரில் நூறும் ஆயிரமும் ஒலிப்பதால் ஓர் இடம் கூட்டி எழுதுவார்கள், அவற்றுக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள். 52-இல் 27 போக 35 என்றால் கவனக்குறைவு அல்ல. எந்த வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கலாம் என்று விதி வைத்துக்கொண்டிருக்கிறான். கட்டை அவிழ்த்துக் காட்டினால் அந்த விதி உடையும்.

தலைமையாசிரியரிடம் வாதாட வேண்டாம், கட்டத்தாளைக் காட்டுங்கள். சிறப்புப் பள்ளி பற்றிய பேச்சு வந்தால், எல்லாப் பிள்ளைகளும் பொதுப்பள்ளியில் படிப்பதே நெறி என்று சிறப்புத் தேவைக் கல்வி பற்றிய 1994-இன் சலமான்கா பிரகடனமும், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவும் சொல்வதை நினைவூட்டலாம். அந்த 2006-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தேவையான தகவமைப்புகளைச் செய்துதருவதைப் பள்ளியின் கடமையாகவே பார்க்கிறது.

பெற்றோரைக் கூப்பிடும்போது நோட்டைத் திறந்து, பிள்ளைக்கு வருவதை முதலில் காட்டுங்கள். பிறகு எங்கே சிக்கியிருக்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள், அடுத்த சந்திப்பு எப்போது. நோயின் பெயர் எதையும் உங்கள் வாயால் சொல்ல வேண்டாம். வீட்டில் பத்து நிமிடம் பிள்ளைக்கு ஒரு கதை படித்துக் காட்டினால் போதும். இன்னொரு டியூஷன் வேண்டாம்.

தேர்வில், வாசிப்பைச் சோதிக்கும் வினாவைத் தவிர மற்றவற்றை நீங்களே படித்துக் காட்டலாமா, கூடுதல் நேரமும் வாய்மொழி விடையும் தரலாமா என்று பள்ளியின் விதியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவியல் விடையில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். இந்த உதவிகளை இப்போதிருந்தே வாரத் தேர்வுகளில் பழக்குங்கள், தேதியோடு குறித்தும் வையுங்கள். தேர்வன்று முதன்முறையாக வினாவைக் காதால் கேட்கும் பிள்ளை அதற்கும் சேர்த்துத் தடுமாறும். மேல் வகுப்பில் சலுகை கேட்கும்போது மதிப்பீட்டாளர் முதலில் கேட்பதும் இந்தப் பதிவுகளைத்தான்.